உட்கருவின் வாயிலில் ஒரு சுமையாள்

வெள்ளானூரிலிருந்து ஆவடித் தொழிற்சாலைகளுக்குப் பணிக்குச் செல்வோர்க்கு வாயில் சீட்டின் அருமை நன்கு தெரியும். உள்ளே உருவான பொருள் எத்துணைச் சிறியதாயினும் சீட்டின்றி வெளியே வாராது. உட்கரு உடைய உயிரணு ஒவ்வொன்றிலும் இத்தகைய வாயில்கள் உள்ளன. அவற்றைக் கடந்து ஒரு சிறு மூலக்கூறு எவ்வாறு வெளியேறுகிறது என்பதை அறிய அறிவியலாருக்குப் பத்தாண்டுகள் பிடித்தன.

1993ஆம் ஆண்டு, ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுவொன்றை ஆராய்ந்த விக்டர் அம்புரோசும் கேரி ருவ்கனும், புரதம் எதையும் ஆக்காமல் மற்றொரு மரபணுவின் செயலை அடக்கும் மிகச் சிறு ஆர்.என்.ஏ. ஒன்றைக் கண்டனர். ஏறத்தாழ இருபத்திரண்டே எழுத்துகள்! புழுவின் விந்தை என்று உலகம் அதை ஒதுக்கிவிட்டது. 2000இல் அதே இனத்தைச் சேர்ந்த மற்றொன்று மனிதரிடமும் இருப்பது தெரிந்த பின்னரே பலரும் விழித்தனர். அவ்விருவருக்கும் நோபல் பரிசு வந்து சேர்ந்ததோ 2024இல்.

இம்மைக்ரோ ஆர்.என்.ஏ. முதலில் நீண்ட இழையாகவே உருவாகிறது. உட்கருவினுள் டிரோஷா என்னும் நொதி அதனை வெட்டி, கொண்டை ஊசி போல் மடிந்த முன்னோடித் துண்டாக்குகிறது. சியோலில் நாரி கிம் குழுவினர் இதனை 2003இல் காட்டினர். இறுதி வெட்டைச் செய்யும் டைசரோ உட்கருவுக்கு வெளியே இருக்கிறது. அப்படியாயின் இடையில் சுமந்து செல்வது யார்?

2003 இறுதியிலும் 2004 தொடக்கத்திலும் தனித்தனிக் குழுக்கள் ஒரே விடையை அளித்தன. இயன் மக்காரா, பிரையன் கல்லன் ஆகியோர் ஒருபுறம். உல்ரிக்கே குட்டாய் முதலியோர் மறுபுறம். சுமையாளின் பெயர் எக்ஸ்போர்ட்டின்-5. ரான் என்னும் புரதம், குவானோசின் டிரைபாஸ்பேட்டைப் பற்றிய நிலையில், உட்கருவுக்குள்தான் மிகுதி. அது உடன் சேர்ந்தால் மட்டுமே சுமை ஏறும். வெளியே வந்ததும் அந்த டிரைபாஸ்பேட் ஒரு பாஸ்பேட்டை இழக்க, பிடி தளர்ந்து சுமை இறங்கிவிடும். தாவரத்தில் இதற்கு இணையான மரபணுவுக்கு ஹேஸ்டி, அதாவது அவசரக்காரன், என்று பெயர். அது பழுதுற்ற செடி இளமையை விரைந்து கடந்துவிடுவதே காரணம்.

நம்மை வியக்க வைப்பது யாதெனில், இச்சுமையாள் செய்தியைப் படிப்பதில்லை, வடிவத்தையே பார்க்கிறது. இரட்டைத் தண்டும், அதன் ஒரு நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு எழுத்துகளும் அதற்குப் போதும். இதனைப் படிக வடிவில் ஜப்பானிய அறிஞர் காட்டியது 2009இல். செய்தி நூலைப் படித்துப் புரதம் நெய்யும் ரைபோசோமுக்காகச் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் நோபல் பரிசு பெற்றதும் அவ்வாண்டே.

வடிவை மட்டும் பார்ப்பதில் ஆபத்தும் உண்டு. 2006இல், மருந்தாகக் கருதிய செயற்கைக் கொண்டை ஊசிகளை எலிகளின் ஈரலில் பெருமளவு புகுத்தினர். 49 வகைகளில் 36 ஈரலைக் கெடுத்தன. 23 வகைகள் எலிகளைக் கொன்றன. புதியவை சுமையாளை ஆக்கிரமித்துக்கொள்ள, எலியின் சொந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் வெளியேற வழியின்றித் தேங்கியதே காரணமெனக் கருதினர். ஈரலுக்கு எவ்வளவு மருந்து என்பதைவிட, வாயில் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு அன்றுதான் மருத்துவர்க்கு எழுந்தது.

அத்துடன் கதை முடிந்திருக்கலாம். ஆனால் 2016இல் நாரி கிம் குழுவினரே, மனிதப் பெருங்குடல் புற்றணுக்களில் எக்ஸ்போர்ட்டின்-5 மரபணுவை அறவே நீக்கிப் பார்த்தனர். மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் ஓரளவே குறைந்தன. டிரோஷாவை நீக்கியபோதோ பெரும்பாலானவை மறைந்தே போயின. அவ்வளவு தேடிக் கண்ட சுமையாள் இல்லாமலும் சுமை வெளியேறத்தான் செய்கிறது. வேறொரு வழியும் இருக்கிறது.