பன்சனின் சுடர்

இரசாயன ஆய்கூடத்தினுள் நுழையும் மாணவன் முதலிற் காண்பன கண்ணாடிக் கலங்களாகும். சிறிதளவு பொருளைச் சூடாக்கப் பரிசோதனைக் குழாயும், திரவங்களைக் கலக்க முகவையும், கரைசலைத் துளித்துளியாக அளந்துவிட அளவியும் அங்கு உள. அவற்றின் நடுவே, இரும்பு அடித்தளத்தின்மீது ஒரு சிறு குழாய் நிமிர்ந்து நிற்கும். அதுவே பன்சன் சுடரடுப்பு. அதன் எளிய தோற்றம் அதன் வரலாற்றை மறைத்து நிற்கின்றது.

முற்காலத்து இரசாயனர் கரியடுப்பையும் மதுசார விளக்கையுமே நம்பியிருந்தனர். கரியடுப்பை நினைத்தவாறு கூட்டவோ குறைக்கவோ இயலாது. மதுசார விளக்கோ போதிய வெப்பந் தருவதில்லை. 1852ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்துக்கு றொபேட் பன்சன் பேராசிரியராக வந்தார். அக்காலத்தில் அந்நகரின் தெருவிளக்குகளுக்கு நிலக்கரி வாயு வரத் தொடங்கியிருந்தது. அவருக்கெனக் கட்டப்பட்ட புதிய ஆய்கூடமும் அவ்வாயுவைப் பெற்றது.

ஆனால், தெருவுக்கு நன்மையான மஞ்சட் சுவாலை ஆய்கூடத்துக்குத் தீங்காயிற்று. அது கலங்களிற் கரி படியச் செய்தது. தன் ஒளியால் பிற நிறங்களையும் மறைத்தது. இங்கிலாந்தில் மைக்கேல் பரடே முன்னரே வாயு அடுப்பொன்றை அமைத்திருந்தார். எரியுமுன்பே வாயுவுடன் காற்றைக் கலக்கவேண்டும் என்பது பன்சனின் கருத்து. பல்கலைக்கழகக் கருவி வினைஞரான பீற்றர் டெசாகா அதற்கு உருவங் கொடுத்தார். குழாயின் அடியிலுள்ள துளை வழியே காற்று புக, கரி முற்றாக எரிகின்றது. சுவாலை ஒளி குன்றி வெப்பம் மிகுகின்றது. துளையை மூடினால் மீண்டும் மஞ்சட் சுவாலை தோன்றும்.

நிறமற்ற இச்சுவாலையிற் பிளாற்றினக் கம்பியால் உப்பைக் காட்டியபோது, சோடியம் மஞ்சளாகவும் பொற்றாசியம் ஊதாவாகவும் தம்மை வெளிப்படுத்தின. அவ்வொளியை அரியத்தின் ஊடாகப் பார்க்கலாம் என்றார் பெளதிக அறிஞர் குஸ்தாவ் கிர்க்கோவ். அதன் பயனாக 1860இல் சீசியமும், 1861இல் ரூபீடியமும் கண்டுபிடிக்கப்பட்டன. சில கிராம் சீசிய உப்பைப் பெறுவதற்கு 40 தொன்னுக்கும் மேற்பட்ட கனிய ஊற்று நீரை வற்றச் செய்ய வேண்டியிருந்தது.

பன்சன் இளமையில் ஆசனிக்குச் சேர்வையொன்றை ஆராய்ந்தபோது, அது வெடித்து ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். அறிவுக்கு அவர் கொடுத்த விலை அத்தகையது. எனினும், சுடரடுப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. 1857இல் ஹென்றி ரொஸ்கோவுடன் சேர்ந்து அதன் அமைப்பை யாவரும் அறிய வெளியிட்டார். விரும்பியவர் எவரும் அதைச் செய்துகொள்ளலாயிற்று.

பெரிய ஆய்கூடங்களில் இன்று மின்னடுப்புகள் அதன் பணிகள் பலவற்றை ஏற்றுக்கொண்டன. ஆயினும், செல்வமிக்க பல்கலைக்கழகத்துக்கும் சிறிய பாடசாலைக்கும் ஒரே சுடர் கிடைத்தமைக்குக் காரணம், அறிந்ததைத் தமக்கென வைத்துக்கொள்ளாத அப்பேராசிரியரின் பெருந்தன்மையேயாகும்.