சந்தேகத்தின் பலன் எதிராளிக்கு

பெல்வியூவில் எங்கள் ஊர் பிக்கிள்பால் லீகில் நான் இறங்கிய முதல் ஆட்டம். எதிராளி அடித்த பந்து பின்கோட்டை ஒட்டி விழுந்தது. "அவுட்" என்று விரலை உயர்த்தினேன். எழுபதைத் தாண்டிய என் ஜோடி அம்மாள் தலையசைத்தார். "கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே நான் இடைவெளி பார்க்கவில்லை. பாயிண்ட் அவர்களுக்குத்தான்" என்றவர், பந்தை எடுத்து எதிர்ப்பக்கம் உருட்டிவிட்டார்.

விதியும் அதுதான். அவரவர் பக்கத்துக் கோட்டை அவரவரே பார்த்துச் சொல்ல வேண்டும். ஜோடிக்குள் கருத்து மாறினால் பந்து உள்ளே. திருச்சியில் கல்லூரி நாட்களில் பூப்பந்து ஆடியவள் நான். அங்கே கோட்டைப் பார்க்க நடுவர் இருப்பார். எதிராளிக்காக நானே தீர்ப்புச் சொல்வது எனக்குப் புதிது.

இந்த ஆட்டம் பிறந்த இடம் சியாட்டிலிலிருந்து படகில் 35 நிமிடத் தொலைவு: பெயின்பிரிட்ஜ் தீவு. 1965 கோடையில் ஒரு சனிக்கிழமை, ஜோயல் பிரிட்சர்டும் அவர் நண்பர் பில் பெல்லும் கோல்ஃப் ஆடிவிட்டு வந்தபோது, ஜோயலின் வீட்டில் எல்லோரும் பொழுது போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். பழைய பேட்மின்டன் தளம் இருந்தது. சாமான்கள் முழுதாகக் கிடைக்கவில்லை. டேபிள் டென்னிஸ் மட்டைகளும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தும் கைக்கு வந்தன. பந்து தரையில் நன்றாக எழும்பியதால் 5 அடி உயர வலை 3 அடிக்கு இறங்கியது. அடுத்த வாரம் வந்து சேர்ந்த பார்னி மெக்கல்லம் பிளைவுட்டை அறுத்து மட்டை செய்தார். மூவரும் விதிகளை வகுத்தார்கள். அவர்களின் எண்ணம் ஒன்றே: வீட்டில் உள்ள எல்லோரும் ஆட வேண்டும்.

அந்த எண்ணத்தை விதிகளிலேயே காணலாம். சர்வும் அதற்கான பதிலடியும் தரையில் பட்டுத்தான் எழ வேண்டும். வலையிலிருந்து 7 அடிவரை உள்ள 'கிச்சனில்' நின்று பந்தை அந்தரத்தில் அடிக்கக் கூடாது. தோள்வலு உள்ளவர் பேத்தியையும் பாட்டியையும் விரட்டிவிட முடியாது. பெயர் வைத்தவர் ஜோயலின் மனைவி ஜோன் பிரிட்சர்ட். படகுப் போட்டியில் மற்றக் குழுக்களில் மிஞ்சிய துடுப்புக்காரர்களை ஏற்றிக்கொள்ளும் 'பிக்கிள் படகு' அவர் நினைவுக்கு வந்ததாம்.

1967இல் ஜோயலின் பக்கத்து வீட்டுக்காரர் பாப் ஓபிரையனின் கொல்லையில் முதல் நிரந்தரத் தளம் அமைந்தது. 1976இல் சியாட்டிலை அடுத்த டக்விலாவில் நடந்ததுதான் அறியப்பட்ட முதல் டோர்னமென்ட். கலந்துகொண்டவர்களில் பலர் கல்லூரி டென்னிஸ் வீரர்கள்; இந்த ஆட்டம் அவர்களுக்கு ஏறக்குறையப் புதிது. ஆண்கள் ஒற்றையரில் டேவிட் லெஸ்டர் வென்றார். 1984இல் இந்த ஆட்டத்துக்கென ஒரு சங்கம் உருவாகி, விதிப்புத்தகமும் வந்தது. போயிங் பொறியாளர் ஆர்லன் பாரன்டோ, விமானத்துக்கான தேன்கூட்டு அமைப்புப் பலகையில் இலகுவான மட்டை செய்தார். 2022இல் வாஷிங்டன் இதைத் தன் மாநில விளையாட்டாக அறிவித்தது.

இத்தனை வளர்ந்த பிறகும் உள்ளூர் போட்டிகளின் பெரும்பாலான ஆட்டங்களுக்கு நடுவர் கிடையாது. லீகில் தனியாக வந்தாலும் போதும். மட்டையை வரிசையில் வைத்தால், அடுத்து இருப்பவர் ஜோடி. முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து ஆட, கொல்லைப்புறத்து நாணயம்தான் இன்றும் முதல் தேவை என்று நம்புகிறேன்.

போன இலையுதிர் காலத்தில் என் முதல் டோர்னமென்ட். எதிர் ஜோடிக்கு 11, எங்களுக்கு 10. அவர்கள் சர்வ். மூன்றாவது அடி என் வலது காலருகே கோட்டின் விளிம்பைத் தொட்டது. தொட்டதைப் பார்த்தது நான் மட்டுமே. "உள்ளே" என்றேன். ஆட்டம் முடிந்தது. வலைக்கு ஓடிவந்த எதிர்ப்பக்கத்துப் பெண் தன் மட்டையால் என் மட்டையைத் தட்டினாள்.

அடுத்த புதன்கிழமை லீகில் வரிசைப்படி எனக்குக் கிடைத்த ஜோடி அவள்தான்.