இளவரசர் குதிரையும் ஓட்டியின் பழியும்

குதிரைப் பந்தயம் நம் மக்கள் அறியாததன்று. சிங்கப்பூரில் 1843-ஆம் ஆண்டு தொடங்கிய பந்தயம் 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் முடிவுற்றது. பந்தயம் நடக்கும் இடமெல்லாம், பணம் இழந்தவர் நாவில் எழும் சொல் ஒன்றுண்டு: “ஜாக்கி வேண்டுமென்றே குதிரையை இழுத்துப் பிடித்துவிட்டான்” என்பதே அது. இச்சொல்லால் நேர்ந்த பழைய வரலாறொன்றை ஈண்டு ஆராய விழைகின்றோம்.

இங்கிலாந்தில் குதிரைப் பந்தயத்துக்குப் பெயர்போன ஊர் நியூமார்க்கெட். 1791-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் அங்கே நான்கு குதிரைகள் இரண்டு மைல் ஓடின. வேல்ஸ் இளவரசரின் ‘எஸ்கேப்’ என்னும் குதிரையே வெல்லும் எனப் பலரும் பணம் கட்டினர். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் என அரியணை ஏறியவர் இவ்விளவரசரே. குதிரையை ஓட்டியவர் சாமுவேல் சிஃப்னி. 1789-இல் டெர்பி பந்தயத்தை வென்ற பேர்பெற்ற ஓட்டி. ஆயினும் எஸ்கேப் அன்று கடைசியாகவே வந்தது.

மறுநாளும் அதே குதிரை, அதே ஓட்டி. ஓட்டமோ நான்கு மைல். முந்திய நாள் தோல்வியைக் கண்டோர் அதன்மேல் பணம் கட்டத் தயங்கினர். ஆதலின் வென்றால் ஒன்றுக்கு ஐந்து கிடைக்கும் நிலை உண்டாயிற்று. எஸ்கேப் வென்றது! முதல் நாள் வேண்டுமென்றே தோற்று, மறுநாள் பெரும்பொருள் சுருட்டினர் என்ற கூச்சல் எழுந்தது.

ஐயுறுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. இளவரசர் பெருங்கடனாளி, 1787-இல் அவர் கடன் தீர்க்கப் பாராளுமன்றம் 1,61,000 பவுன் வழங்கியிருந்தது. சிஃப்னியின் ஓட்டும் முறையும் ஐயத்தை வளர்த்தது. கடிவாளத்தைத் தளரவிட்டு, குதிரையின் வலிமையைச் சேமித்து, இறுதியில் பாயச் செய்வதே அவர் திறமை. அங்ஙனம் பின்னே வருபவன் தருணம் பார்க்கின்றானா, வஞ்சகம் செய்கின்றானா என்பதைத் தொலைவில் நிற்போர் எவ்வாறு அறிவர்? அவரை உயர்த்திய திறமையே அவர்மேல் பழி படரவும் இடந்தந்தது.

எதிர்வாதமும் உண்டு. இரண்டு மைலில் பின்தங்கும் குதிரை நான்கு மைலில் முந்துவது இயற்கைக்கு மாறன்று. முதல் நாள் குதிரை போதிய பயிற்சியின்றி இருந்தது. அவ்வோட்டமே அதன் உடலைச் சீர்ப்படுத்தியது என்றார் சிஃப்னி. முதல் நாள் தாம் பணமே கட்டவில்லை. மறுநாள் கட்டியதும் 20 கினியே என்றார்.

பந்தயங்களை நடத்திய ஜாக்கி கிளப்பின் தலைவர்கள் அவரை விசாரித்தனர். குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் சர் சார்லஸ் பன்பரி இளவரசரிடம் சென்று, சிஃப்னி ஓட்டினால் கனவான் எவரும் தம் குதிரையை எதிரே ஓடவிடார் என்றார். இளவரசர் தம் ஓட்டியைக் கைவிட்டாரில்லை. நியூமார்க்கெட்டையே துறந்தார், சிஃப்னிக்கு ஆண்டுக்கு 200 கினி அளிக்கவும் ஏற்பாடு செய்தார். இதனை நாம் பாராட்டவே வேண்டும்.

பின்னர் நிகழ்ந்ததே சிந்திக்கத்தக்கது. 1805-இல் கிளப்பினர், நடந்ததை மறந்து மீண்டும் வருமாறு இளவரசருக்குப் பணிவுடன் கடிதம் எழுதினர். வணக்கம் இளவரசருக்கு, ஓட்டியின் பழியைத் துடைப்பார் எவருமிலர். சிஃப்னி 1806-இல் அவ்வாண்டுத் தொகையையும் 1,260 பவுனுக்கு விற்றார். 1807-இல் ஃப்ளீட் சிறையின் கடனாளியாகவே மாண்டார். அவர் அமைத்த கடிவாளக் கருவி மட்டும் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

அவர் குற்றவாளியா அன்றா எனத் தீர்ப்பளிப்பது நம் நோக்கமன்று. இருவர்மேல் எழுந்த ஓர் ஐயம், உயர்ந்தவனிடம் மன்னிப்பாகவும் எளியவனிடம் தண்டனையாகவும் முடிந்தது ஏன் என்பதே நம் வினா. சான்று கேட்பது பகுத்தறிவு. ஆளைப் பார்த்துச் சான்று கேட்பது அநீதி. வாரக் கூலியைப் பந்தயத்தில் கட்டும் தோழரும் ஒன்று எண்ணுவாராக: கிளப்புத் தலைவர்களே விசாரித்தும் மெய் காணாத ஆட்டத்தில், வேலிக்கு வெளியே நிற்கும் நாம் எதனைக் கண்டு நம் பொருளை வைக்கின்றோம்?