தலைசிறந்த கூடைப்பந்து அணிகள்: காலம் கடந்த ஒப்பீடு

ஒரே களத்தில் சந்திக்க வழியே இல்லாத இரண்டு அணிகளில் எது பெரியது என்ற வழக்கு, தொழில்முறைக் கூடைப்பந்து எவ்வளவு பழையதோ அவ்வளவு பழையது. 1946இல் தொடங்கி 1949இல் இன்றைய பெயரைப் பெற்ற அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளைச் சுற்றியே இது பெரும்பாலும் நடக்கிறது. வழக்கு தீரவில்லை, அளவுகோல்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் கோப்பைகளை எண்ணினார்கள். பிறகு ஒரு சீசனின் வெற்றிகளை, அதன்பின் புள்ளி வித்தியாசத்தை. அளவுகோல் மாறும்போதெல்லாம் முதலிடத்துக்கு வேறோர் அணி வந்து உட்கார்ந்தது.

என்.பி.ஏ.விலிருந்து தொடங்கும் எந்தத் தரவரிசையும் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. நிறவேற்றுமை நிலவிய காலத்தில் சமகால அணிகளையே ஒப்பிட முடியாதிருந்தது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த ரென்ஸ் என்ற கறுப்பின அணி 1932-33 சீசனில் தொடர்ந்து 88 ஆட்டங்களை வென்றது. லீக்குகளில் இடம் கிடைக்காததால் அது ஊர் ஊராகப் போய் ஆடியது. 1939இல் சிகாகோவில் இரு இனத்தவருக்கும் இடமளித்து நடந்த உலகத் தொழில்முறைப் போட்டியில் கோப்பையும் அதற்கே. 1948 பிப்ரவரியில் அதே சிகாகோவில் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணி, ஜார்ஜ் மைக்கன் ஆடிய மின்னியாபோலிஸ் லேக்கர்ஸை 61-59 என்று வென்றது. கறுப்பின ஆட்டக்காரர்கள் என்.பி.ஏ.வுக்குள் வந்தது 1950இல்தான். ஆகவே அதற்கு முந்தைய சாம்பியன்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத்தான் படிக்க வேண்டும்.

விதிகள் மாறியது அடுத்த சிக்கல். 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் லேக்கர்ஸை 19-18 என்று தோற்கடித்தது. மைக்கன் கைக்குப் பந்து போனால் ஆபத்து என்று பிஸ்டன்ஸ் ஆட்டக்காரர்கள் பந்தைப் பிடித்துக்கொண்டே நேரத்தைக் கடத்தினார்கள். அப்படியும் லேக்கர்ஸின் 18 புள்ளிகளில் 15 மைக்கனுடையவை. பணம் கொடுத்து வந்தவர்கள் பார்த்தது இதைத்தான். சிராக்யூஸ் நேஷனல்ஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன் ஒரு கணக்குப் போட்டார். ரசிக்கும்படியான ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து சுமார் 120 முறை கூடையை நோக்கி எறிகின்றன, ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2,880 விநாடி, வகுத்தால் 24. பந்து கிடைத்த அணி அத்தனை விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்று இப்படிப் பிறந்த 24 விநாடி ஷாட் கிளாக் 1954-55 சீசனில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் ஆடியதையும் பின்னால் ஆடியதையும் ஒரே விளையாட்டு என்று சொல்வதே கொஞ்சம் தாராளம்தான். கூடைக்கு அடியிலிருந்த 6 அடி அகலப் பகுதி மைக்கனைக் கட்டுப்படுத்த 1951இல் 12 அடியாகவும், பின்னாளின் சென்டர் வில்ட் சேம்பர்லினை மனத்தில் வைத்து 1964இல் 16 அடியாகவும் விரிந்தது.

கோப்பைக் கணக்கில் பாஸ்டன் செல்டிக்ஸை நெருங்க ஆளில்லை. 1957 முதல் 1969 வரையிலான 13 சீசன்களில் 11 பட்டங்கள். அவற்றில் எட்டு அடுத்தடுத்து வந்தவை. முதல் ஒன்பது ரெட் அவர்பாக் பயிற்சியில் கிடைத்தன. கடைசி இரண்டின்போது சென்டர் பில் ரஸலே ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். இதற்கு வழக்கமாக எழும் மறுப்பு: தொடக்கத்தில் லீக்கில் இருந்தவை எட்டே அணிகள், பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டு தொடர்களை வென்றாலே கோப்பை கைக்கு வந்துவிடும். மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. எட்டே அணிகள் என்றால் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் எல்லோரும் அந்த எட்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை. சேம்பர்லின் போன்றவரை ரஸல் ஒரே சீசனில் பத்துத் தடவையாவது எதிர்கொள்ள வேண்டியிருந்தது. இதைவிடப் பெரிய குறை பதிவேட்டில் உள்ளது. பிளாக், ஸ்டீல் இரண்டையும் என்.பி.ஏ. எண்ணத் தொடங்கியது 1973-74இல். எதிராளியின் எறிதலைத் தடுத்து, அந்தப் பந்தை வெளியே போக விடாமல் தன் அணியினரிடமே தட்டிவிடுவது ரஸலின் தனித்திறமை. அவருடைய முக்கியமான வேலைக்கு எந்தக் கணக்கும் இல்லை.

ரஸலின் தொடர் பட்டங்களை 1967இல் முறித்தது சேம்பர்லின் ஆடிய ஃபிலடெல்ஃபியா 76அர்ஸ். அந்த சீசனில் 68 வெற்றி, 13 தோல்வி. 1971-72இல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் 69-13 என்று அதையும் தாண்டியது. இடையில் தொடர்ந்து 33 வெற்றிகள். இன்றுவரை யாரும் அதை எட்டவில்லை. மூத்த ஆட்டக்காரர் எல்ஜின் பெய்லர் முழங்கால் வலியால் ஓய்வு பெற்றதை அடுத்து வந்த ஆட்டத்தில்தான் அந்தத் தொடர் தொடங்கியது என்பது விளையாட்டு வரலாற்றின் கசப்பான தற்செயல்களில் ஒன்று. அப்போது என்.பி.ஏ. 17 அணிகளாகப் பெருகியிருந்தது. போட்டி லீக்கான ஏ.பி.ஏ. வேறு திறமைசாலிகளை இழுத்துக்கொண்டிருந்தது. 1976இல் ஏ.பி.ஏ. கலைந்து அதன் நான்கு அணிகள் என்.பி.ஏ.வில் சேர்ந்த பிறகே திறமை முழுவதும் மறுபடி ஓரிடத்தில் குவிந்தது. ஏ.பி.ஏ. பிரபலப்படுத்திய மூன்று புள்ளிக் கோட்டை 1979-80இல் என்.பி.ஏ.வும் ஏற்றது.

எண்பதுகளின் அணிகளைப் பற்றி வாதம் குறைவு, பிரியம்தான் அதிகம். லேரி பேர்டின் 1985-86 செல்டிக்ஸ் சொந்த மைதானத்தில் 40 ஆட்டங்களை வென்று ஒன்றில் மட்டும் தோற்றது. மேஜிக் ஜான்சனின் 1986-87 லேக்கர்ஸ் அதே செல்டிக்ஸை இறுதித் தொடரில் வீழ்த்தியது. 1996இல் பொன்விழாவை ஒட்டி என்.பி.ஏ. வெளியிட்ட சிறந்த பத்து அணிகளின் பட்டியலில் இவ்விரண்டும் இடம்பெற்றன. வழக்குக்கு அதிகாரபூர்வ முத்திரை விழுந்தது அப்போதுதான்.

அப்பட்டியலில் அப்போதுதான் ஆடி முடித்த அணி ஒன்றும் இருந்தது: 1995-96 சிகாகோ புல்ஸ், 72-10. அதன் சாதனையை 20 ஆண்டுக்குப் பின் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 73-9 என்று முறியடித்தது. இந்த இரண்டிலும் இருந்தவர் ஸ்டீவ் கெர்: முன்னதில் மாற்று ஆட்டக்காரர், பின்னதில் தலைமைப் பயிற்சியாளர். இரு தரப்பையும் உள்ளிருந்து பார்த்த சாட்சி இவரைப்போல் வேறில்லை.

இந்த ஒப்பீட்டில் முடிச்சு எங்கே விழுகிறது என்பதைத் தெளிவாகப் பார்க்கலாம். புல்ஸ் ஆடியபோது மூன்று புள்ளிக் கோடு சுற்றிலும் 22 அடிக்குக் குறுக்கப்பட்டிருந்தது. இருந்தும் அவர்கள் ஆட்டத்துக்குச் சராசரியாக ஏழுக்கும் குறைவான மூன்று புள்ளிக் கூடைகளையே போட்டார்கள். வாரியர்ஸ் காலத்தில் கோடு மூலைகளைத் தவிர 23 அடி 9 அங்குலம். அவர்கள் போட்டது 13. ஸ்டீஃபன் கரி ஒருவரே அந்த சீசனில் 402. புல்ஸ் காலத்தில் ஜோன் தடுப்பாட்டம், அதாவது ஆளை விட்டு இடத்தைக் காப்பது, கூடாது. பந்து வைத்திருப்பவர்மேல் கை வைத்து வேகத்தைத் தணிப்பது ஓரளவு நடக்கும். 2001-02இல் முன்னது அனுமதிக்கப்பட்டது. 2004-05இல் பின்னது கண்டிப்பாக ஃபவுல் ஆனது. 1996 விதிப்படி ஆடினால் கரியின் இடுப்பில் புல்ஸ் ஆட்டக்காரர் பிப்பனின் கை இருந்துகொண்டே இருக்கும். 2016 விதிப்படி ஆடினால் கூடையடியில் ரீபவுண்டுக்குக் காத்திருக்கும் புல்ஸின் ராட்மன் 25 அடிக்கு வெளியே ஓடிவர வேண்டும். புல்ஸ் நட்சத்திரம் ஜோர்டான் உள்ளே புகும் வழியில் இன்னொரு தடுப்பாளர் முன்கூட்டியே நின்றிருப்பார். எந்த ஆண்டின் விதி என்று முடிவு செய்தால் ஏறக்குறைய வெற்றியாளரையும் முடிவு செய்ததாகிவிடும்.

தங்கள் அணி வாரியர்ஸை ஊதித் தள்ளியிருக்கும் என்று முன்னாள் நட்சத்திரங்கள் பேசிவந்தபோது, 2017இல் கெர் கேலியாகத் தலையாட்டினார்: ஆமாம், ஐம்பதுகளின் ஆட்டக்காரர்கள் எல்லோரையும் நொறுக்கியிருப்பார்கள், விளையாட்டில் மட்டும் மனித இனம் பின்னோக்கி வளர்கிறது என்ற பொருளில். ஆனாலும் புல்ஸ் தரப்பிடம் ஒரு துருப்புச் சீட்டு உண்டு. 73 வெற்றி கண்ட வாரியர்ஸ் இறுதித் தொடரில் 3-1 என்று முன்னிலை பெற்றும், லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாந்து கேவலியர்ஸிடம் கோப்பையை விட்டது. ஏழாவது ஆட்டம் 93-89. அடுத்த ஆண்டு கெவின் டுரான்ட் சேர, வாரியர்ஸ் பிளே-ஆஃபில் 16-1 என்று வாரிச் சுருட்டியது. புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் சம்பள உச்சவரம்பு ஒரே ஆண்டில் சுமார் 70 மில்லியன் டாலரிலிருந்து 94 மில்லியனுக்குத் தாவியதால்தான் அவரை அமர்த்த முடிந்தது. இந்த 2017 அணியே புல்ஸுக்குச் சரியான எதிரி. 73-9 அணி இல்லை.

புள்ளியியலாளர்கள் விதிச் சிக்கலை வேறு விதமாகச் சமாளிக்கிறார்கள். அணியை அதன் சமகாலத்தவரோடு மட்டும் ஒப்பிட்டு, எவ்வளவு தூரம் முந்தியிருந்தது என்று அளக்கிறார்கள். புள்ளி வித்தியாசத்தை எதிராளிகளின் வலுவோடு சேர்த்துப் பார்த்தால் 2024-25 சீசனுக்கு முன்புவரை முன்னால் இருந்தது, திண்ணை வாதங்களில் அதிகம் அடிபடாத 1970-71 மில்வாக்கி பக்ஸ். பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார் ஆன லூ அல்சிண்டரும் ஆஸ்கர் ராபர்ட்சனும் ஆடிய அணி அது. சராசரிப் புள்ளி வித்தியாசத்தில் 1971-72 லேக்கர்ஸ் வைத்திருந்த 12.3ஐ, 2024-25இல் ஓக்லஹோமா சிட்டி தண்டர் 12.9 என்று கடந்தது. அதே தண்டருக்கு இறுதித் தொடரில் இந்தியானா பேசர்ஸை வெல்ல ஏழு ஆட்டங்கள் தேவைப்பட்டன. மூன்று புள்ளி எறிதல்கள் மலிந்த காலத்தில் வித்தியாசங்களும் எளிதில் பெருகுகின்றன.

தேசிய அணிகளிலும் இதே வழக்கு உண்டு. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ட்ரீம் டீம் சராசரியாக 44 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. 2012 அணி அதை வென்றிருக்கும் என்று அந்த 2012 அணியின் கோபி பிரையன்ட் சொன்னதைக் கேட்டு, ட்ரீம் டீமில் ஆடிய ஜோர்டான் சிரித்தார். 1992இல் எதிரணிகள் அமெரிக்கர்களோடு படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டன. 2004இல் அர்ஜென்டினா தங்கத்தையே கொண்டுபோய்விட்டது. வித்தியாசம் குறைந்ததற்கு அமெரிக்க அணி தேய்ந்தது காரணமா, உலகம் வளர்ந்தது காரணமா என்பதை அந்த எண்ணை வைத்து மட்டும் பிரிக்க முடியாது.

2011இல் வெளிவந்த என்.பி.ஏ. 2கே12 போன்ற வீடியோ கேம்களில் பழைய அணிகளையும் இன்றைய அணிகளையும் யாரும் மோதவிடலாம். அதில் ஒவ்வோர் ஆட்டக்காரரின் திறமைக்கும் மதிப்பெண் போடுவது தயாரிப்பு நிறுவனம். ரஸலின் பிளாக்குக்கு உத்தேச மதிப்பெண்தான் கிடைக்கும்.