நியதிவாதம்

உயிர்கள் அடையும் இன்பமும் துன்பமும் வீடுபேறும் முன்னரே அறுதியிடப்பட்டவை, முயற்சியால் அவற்றை மாற்ற இயலாது என்னும் கொள்கை நியதிவாதம் எனப்படும். மகாவீரர், புத்தர் ஆகியோரின் காலத்தவரான மற்கலி கோசாலர் இதன் தலையாய ஆசிரியர்; அவர் வழிவந்தோர் ஆசீவகர். அவர்களது மூலநூல் எதுவும் இன்று இல்லை. பௌத்தரின் சாமஞ்ஞபல சுத்தம், சமணரின் உவாசகதசாவோ, தமிழில் மணிமேகலை, நீலகேசி எனக் கிடைப்பவை யாவும் மறுதரப்பாரின் பதிவுகளே.

கோசாலர் கொள்கைப்படி, 84 இலட்சம் மகாகல்பங்கள் என்னும் மிக நீண்ட காலம் பிறந்திறந்து உழன்ற பின்னரே அறிஞரும் மூடரும் ஒருங்கே துன்பம் நீங்குவர். எறிந்த நூலுருண்டை நூல் தீருமட்டும் உருளும் என்பது சாமஞ்ஞபல சுத்தம் தரும் சித்திரம். உயிர்கள் மாசுறவும் தூய்மையுறவும் காரணமே இல்லை என்று கோசாலர் கூறியதாகவும் அது சொல்கிறது. இது பெரிதும் கவனிக்கத்தக்க இடம். பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் 1814இல் எழுதிய நிர்ணயவாதத்தில் ஒவ்வொரு நிகழ்வும் முந்தைய நிலையின் விளைவு. எனவே அங்கே முயற்சியும் ஒரு காரணம். உழாதவன் வயல் விளையாது. கோசாலரின் நியதியிலோ உழுதாலும் உழாவிட்டாலும் முடிவு ஒன்றே. எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்பதிலிருந்து முயற்சி வீண் என்னும் முடிவு பிறக்காது.

உவாசகதசாவோவில் சத்தாலபுத்தர் என்னும் ஆசீவகக் குயவரிடம், ஒருவன் உன் பானைகளை உடைத்தால் என்ன செய்வாய் என மகாவீரர் கேட்கிறார். தண்டிப்பேன் என்கிறார் குயவர். எல்லாம் நியதியெனில் உடைத்தவன் மீது குற்றம் ஏது என்பது மகாவீரரின் வாதம். தண்டிப்பதும் நியதியே என்று ஆசீவகர் விடையிறுக்கலாம். ஆகவே இவ்வாதம் நியதியைப் பொய்யென நிறுவிவிடவில்லை. ஆனால் பழிக்கும் உரிமையை அது பறித்துவிடுகிறது.

நிர்ணயவாதம் சொல்வதுபோல் முயற்சிக்கும் முற்காரணம் உண்டென்றால் அம்முயற்சி எப்படி நம்முடையதாகும் என்பது வலுவான தடை. பானையைக் காற்றும் உடைக்கலாம், பணியாளனும் உடைக்கலாம். காற்றுக்கு அறிவுரை ஏறாது. பணியாளன் கண்டிப்பைக் கேட்டு அடுத்தமுறை கையை அடக்குவான். காரணங்களை எண்ணிப் பார்த்து நடத்தையை மாற்றிக்கொள்ளும் இந்த ஆற்றலே பொறுப்புக்குப் போதிய அடிப்படை. குவாண்டம் இயற்பியலின் தற்செயலைத் துணைக்கழைப்பதால் பயனில்லை. காரணமின்றி அசைந்த கை எவருடைய விருப்பத்தையும் காட்டாது.

ஆசீவகர் கடுந்தவம் புரிந்தனர். அசோகர் தம் 12ஆம் ஆட்சியாண்டில் பராபர் குன்றில் அவர்களுக்குக் குகைகளை வழங்கியதைக் கல்வெட்டு சொல்கிறது. முயற்சியை மறுத்தவர்கள் தவத்தை ஏன் மேற்கொண்டனர் என்பதற்கு, கிடைத்துள்ள நூல்களில் நிறைவான விடை இல்லை.