காட்டை அழித்தவர்களுக்குக் காளான் போட்ட சோறு



நியூசிலாந்து என்றதும் பால்மாவும் வெண்ணெயும், பச்சைப் புல்லில் மேயும் மாடுகளும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், அந்நாட்டின் வட தீவில் உள்ள டரனாக்கி வட்டாரத்தில், இன்றைய மேய்ச்சல் நிலங்களில் பெரும்பகுதி 150 ஆண்டுகளுக்கு முன்பு அடர்ந்த காடாக இருந்தது.

அந்தக் காடு யாருடையது? மவோரி மக்களுடையது. 1860-களில் அங்கே போர் மூண்டது. 1863-இல் இயற்றிய சட்டத்தைக் கொண்டு அரசாங்கம் அவர்களது நிலத்தைப் பறிமுதல் செய்தது. பிறகு அதைத் துண்டு துண்டாக்கி, வெள்ளையர்க் குடியேறிகளுக்குக் கொடுத்தது.

வந்தவர்களில் பலர் கையில் காசில்லாத ஏழைகள். அவர்கள் காட்டை அழித்த முறை, ரப்பர் தோட்டம் போட்ட நம் பாட்டன்மாருக்குத் தெரிந்த முறைதான். முதலில் கொடிகளையும் சிறு மரங்களையும் வெட்டினார்கள். அடுத்து பெரிய மரங்களைச் சாய்த்து வெயிலில் காயவிட்டார்கள். அங்கே கோடை முடிவது பிப்ரவரியில். அப்போது தீ வைத்து, சாம்பல் மேல் புல் விதையும் குளோவர் விதையும் தூவினார்கள். எரியாத அடிமரங்களுக்கிடையே புல் முளைத்தது.

புல் முளைத்தால் போதுமா? மாடு வாங்கப் பணம் வேண்டுமே! கடைக்காரர் வெண்ணெயை வாங்கிக்கொண்டு சாமான்தான் கொடுப்பார், காசு தரமாட்டார்.

அந்த நேரத்தில் கைகொடுத்தவர் சியூ சோங் என்ற சீன வணிகர். வெட்டிப்போட்ட மரங்கள் மக்கியபோது அவற்றில் காது வடிவில் ஒரு காளான் பூத்தது. நம் ஊர்ச் சீனக் கடைகளில் விற்கும் கறுப்புக் காளானின் இனம்தான் அது. 1870-களில் அதை ரொக்கம் கொடுத்து வாங்கிச் சீனாவுக்கு ஏற்றுமதி செய்தார் அவர். பெண்களும் பிள்ளைகளும் காளானைப் பறித்துக் காயவைத்து மூட்டை கட்டினார்கள். பல குடும்பங்களின் அடுப்பு அந்தக் காசில்தான் எரிந்தது. ஊரார் அதற்கு "டரனாக்கி கம்பளி" என்றே பெயர் வைத்தார்கள்.

அதே நாடு 1881-இல் நாட்டுக்குள் வரும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுன் தலைவரி விதித்தது. 1896-இல் அதை 100 பவுனாக உயர்த்தியது. 2002-இல்தான் அரசாங்கம் அதற்கு மன்னிப்புக் கேட்டது.

1882-இல் 'டனிடின்' என்ற குளிர்பதனக் கப்பல் இறைச்சியோடு லண்டன் சென்று சேர்ந்தது. அதன்பின் வெண்ணெய்க்கும் தூரத்துச் சந்தை திறந்தது. 1887-இல் எல்த்தம் ஊரில் வெண்ணெய்த் தொழிற்சாலை தொடங்கியவரும் இதே சியூ சோங்தான்.

காட்டை எரித்ததற்கான விலையையும் சொல்ல வேண்டும். சாம்பலின் சத்து சில ஆண்டுகளில் தீர்ந்தது. அதே தீவின் கிழக்குப் பகுதியிலும் காடழித்துப் புல் போட்டிருந்தார்கள். 1988-இல் போலா புயல் அடித்தபோது, பிடித்து நிற்க மரவேர் இல்லாத அந்தச் சரிவுகள் சேறாகச் சரிந்தன. பிறகு அங்கே பைன் மரம் நட்டார்கள். 2023-இல் கேப்ரியேல் புயல் வந்தபோது, அறுவடையில் மிஞ்சிய கட்டைகள் வெள்ளத்தோடு கீழே வந்தன.

நேயர்களே, உழைத்த விவசாயியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பசும்புல்லைப் பாராட்டும்போது, நிலத்தை இழந்தவரையும் காளானுக்குக் காசு கொடுத்தவரையும் மறந்துவிடக் கூடாது.