வலைநூலின் வரலாறு: முல்லைத்தீவுக் கரையை முன்வைத்துச் சில குறிப்புகள்

கடற்றொழிலின் வரலாற்றில் வள்ளமும் இயந்திரமும் பெறும் கவனத்தை வலையின் நூல் பெறுவதில்லை. முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய்க் கரைகளின் தொழில் மாற்றத்தை விளங்கிக்கொள்ள நூலிலிருந்தே தொடங்கவேண்டும் என்பது எமது கருத்து.

பருத்தி நூல் செலுலோசினாலானது. குளுக்கோசு என்ற ஒரே அலகு ஆயிரக்கணக்கில் கோக்கப்பட்ட நெடுஞ்சங்கிலி அது. நீரிலுள்ள பற்றீரியாக்கள் அச்சங்கிலியை அறுத்து உண்பதாலேயே பருத்தி வலை உக்குகிறது. இதனைத் தடுக்கவே இலங்கை, தென்னிந்தியக் கரைகளிற் பனிச்சங்காய்ச் சாற்றிலும் மரப்பட்டைச் சாயத்திலும் வலையைத் தோய்த்தனர். அவற்றின் துவர்ப்புக்குக் காரணமான தனினும் ஒத்த சிற்றலகுகள் இணைந்த மூலக்கூறே. ஆயின் அதில் அலகுகள் சிலவே, மிஞ்சினாற் சில பத்து. நெடுஞ்சங்கிலியை இக்குறுஞ்சங்கிலி காத்துநின்றது. நீரில் அது மெல்லக் கழுவுண்டு போவதால், தோய்த்தலும் உலர்த்தலும் ஓயாத வேலையாயின.

இத்தகைய நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகள் உண்டென 1920இல் ஹேர்மன் ஸ்டௌடிங்கர் வாதிட்டபோது வேதியியலாளர் பலர் ஏற்கவில்லை. 1935இல் அமெரிக்காவிற் கரோதர்ஸ் நைலோனை ஆக்கினார். 1938இல் ஜேர்மனியிற் பவுல் ஷ்லாக், கப்ரோலக்டம் என்னும் ஒரேயொரு பொருளின் அலகுகளைத் தொடுத்து நைலோன்-6ஐப் பெற்றார். களப்பின் பற்றீரியாக்களுக்கு எளிதில் இரையாகாத இந்நூல், 1950களிலும் 60களிலும் இலங்கைக் கரைகளிற் பரவியது. சாயத்தொட்டியருகே நாள் கழித்தோருக்கு அது விடுதலையே. பழைமையைப் போற்றுவது எமது நோக்கமன்று.

எனினும் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. பருத்தி நூலும் விலைக்கு வாங்கப்பட்டதுதான். ஆனால் அதன் ஆயுளை நீட்டிய பொருள் காட்டிலும், அறிவு மீனவர் கையிலும் இருந்தன. நைலோன் வந்தபின் அந்தப் பங்கும் பணமாயிற்று. முதலில்லாதவன் சம்மாட்டியிடமோ வியாபாரியிடமோ கடன்படுதல் முன்பும் இருந்த வழக்கமே. புதிய நூல் அக்கட்டை மேலும் இறுக்கியது என்றே கருதுகிறோம். 2009இல் முடிவுற்ற போரிலே வலையையும் வள்ளத்தையும் இழந்து, பின் கரைக்கு மீண்டவர்களுக்கு இஃது ஏட்டுச் செய்தியன்று. அவர்கள் தொழிலை மீண்டுந் தொடங்க முதலில் வேண்டியிருந்தது வலை வாங்கும் பணமே.

உக்காமைக்கு இன்னொரு பக்கமுண்டு. பல இழை முறுக்காது ஒற்றை இழையாலேயே பின்னப்படும் தங்கூசி வலை மலிவானது. நீரில் மீன் கண்ணுக்குப் புலப்படாதது. கடலடியில் தவறிய பருத்தி வலை உக்கிப்போகும். தங்கூசி வலையோ ஆளின்றியே நெடுங்காலம் மீனைச் சிக்கவைத்துக்கொண்டிருக்கும். இலங்கையில் இவ்வலை 2006இல் தடைசெய்யப்பட்டது. தடை தேவையானதே. ஆயின் வலை பறிமுதலானாலும் அதற்காகப் பட்ட கடன் எஞ்சிநிற்கும் என்பதையும், மாற்று வலைக்கு முதல் எங்கிருந்து வரும் என்பதையும் சட்டம் பேசுவோர் கணக்கிற் கொள்வது அரிதாகவே உள்ளது.